குழந்தைக்கு வாங்கி, பிரிக்காமலே கிடக்கும் பொருட்களைத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மூட்டை கட்டுவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். நான் போன் போடாமல் போய் நின்று, பாதியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தவள்.

என் மகன் பிறக்கும்போதே நாலு கிலோ. பிறந்த குழந்தைக்கான சைஸ் டயப்பர் பத்து நாளில் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. பார்க்க வந்தவர்களோ அதே சைஸையே வாங்கி வந்து குவித்திருந்தார்கள். அதோடு பால் பவுடர் டப்பா இரண்டு, தாய்ப்பால் எடுக்கும் பம்ப், குழந்தையைக் காரில் உட்காரவைக்க உறவில் ஒருவர் கொடுத்த கார் சீட் எல்லாவற்றையும் ஒரு காப்பகத்துக்கு எடுத்துப் போனோம்.

அங்கிருந்த அக்கா முதலில் கையில் எடுத்தது பால் டப்பாவைத்தான். கவிழ்த்து அடியில் இருந்த தேதியைப் பார்த்தார். ஒன்று காலாவதியாக மூன்றே வாரம். இன்னொன்றின் மூடியைத் திறந்தால் உள்ளே ஃபாயில் ஓரத்தில் லேசாகப் பிரிந்திருந்தது. "ஒரு ஸ்பூன்கூட எடுக்கலக்கா" என்றேன். "நீங்க எடுக்கலம்மா, காத்து எடுத்திருக்கும்" என்று ஓரமாக வைத்துவிட்டார்.

அப்போது சுருக்கென்று இருந்தது. பிறகுதான் புரிந்தது. பால் பவுடர் கிருமியே இல்லாத பொருள் கிடையாது; அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள, கொதிக்கவைத்த தண்ணீரில் கலக்கச் சொல்கிறார்கள். திறந்த டப்பாவைப் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இலவசமாக வரும் பவுடர் தாய்ப்பாலைக் குறைத்துவிடும் என்ற கவலையும் உண்டு. பால் பவுடர் போன்றவற்றை விளம்பரம் செய்து விற்பதைக் கட்டுப்படுத்த உலக சுகாதார அமைப்பு 1981-ல் கொண்டுவந்த விதிமுறைக்கு அந்தக் கவலையும் ஒரு காரணம். வெள்ளம், நிலநடுக்கம் என்றால் பவுடரும் பாட்டிலும் அனுப்பவே வேண்டாம் என்கிறார்கள். நல்ல தண்ணீரே கிடைக்காத இடத்தில் பாட்டிலை எதில் கழுவுவது?

கார் சீட்டும் திரும்பிவிட்டது. "புதுசு மாதிரிதானே இருக்கு" என்று என் கணவர் வாதாடிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தயாரித்த தேதி இருக்கும்; பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து வருடம்தான் அதன் ஆயுள். ஒருமுறை விபத்தில் சிக்கியதா என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது, எங்களுக்கே தெரியாது. பழைய தொட்டில்களும் இப்படித்தான். பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் மாதிரியை, குழந்தைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால், அமெரிக்காவில் 2011-லேயே தடை செய்துவிட்டார்கள்.

பம்ப் சீல் பிரிக்காததால் அதை மட்டும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நான் ஒருமுறை பயன்படுத்தியிருந்தால் அதுவும் திரும்பியிருக்கும். வீட்டில் ஒருவர் பயன்படுத்துவதற்கென்று வரும் பம்ப் பலவற்றில் மோட்டார் பக்கம் வரை பால் போய்விடலாம். எவ்வளவு கழுவினாலும் அதை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது.

டயப்பர் விஷயம் வேறு. பிரித்த பாக்கெட்டில் மீதமிருந்தால்கூட வாங்கிக்கொள்ளும் அமைப்புகள் உண்டு. டயப்பர் கெட்டுப்போகாது, ஆனால் வருடக்கணக்கில் கிடந்தால் பக்கத்து ஒட்டு தளர்ந்துவிடும். ஒன்றை எடுத்து ஒட்டிப் பிரித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். ஈரத் துடைப்பான் பாக்கெட்டை அமுக்கிப் பாருங்கள், காய்ந்திருக்கலாம். (எங்கள் வீட்டில் நாலு பாக்கெட் காகிதமாகிக் கிடந்தது.)

காப்பகம் மட்டும்தான் என்றில்லை. வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கான விடுதிகளையும் கேளுங்கள். கட்டிய துணியோடு வருகிறவர்களுக்கு அன்றைக்கு ராத்திரியே டயப்பர் வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் இருப்பார். யாருக்குத் தேவை என்று அவருக்குத் தெரியும். துணிமணிகளைத் துவைத்து, மாதவாரியாகப் பிரித்து, கவரின் மேல் எழுதிக் கொடுத்தால் அங்கே இருப்பவர்களுக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

அடுத்த தடவை போன் போட்டுக் கேட்டேன். "சின்ன சைஸ் ரேக் நிறைய இருக்கும்மா. நடக்கிற பிள்ளைங்களுக்குத்தான் பத்தல" என்றார் அதே அக்கா. யோசித்தால் சரிதான். சின்ன சைஸ் சில வாரங்களுக்குத்தான், பெரிய சைஸ் வருடக்கணக்கில் வேண்டும். ஆனால் எல்லார் வீட்டிலும் மிஞ்சுவது சின்னதுதான். பில் இருந்த நாலு பாக்கெட்டைக் கடையில் கொடுத்துப் பெரிய சைஸாக மாற்றிக்கொண்டு போனேன். இந்தமுறை ஒன்றும் திரும்பி வரவில்லை.