தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 9 வயது. விலாப்பக்கம் மெத்தென்று ஒரு கட்டி. பிடித்தால் நழுவுகிறது, வலியும் இல்லை. “கொழுப்புக் கட்டிதான், விட்டுவிடுங்கள்” என்கிறார்கள். விடலாமா? – வாசகி, திருச்சி

பதில்: வயது, இனம், இடம் மூன்றையும் பார்த்தால் கொழுப்புக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் நாய்களுக்கு வரும் மாஸ்ட் செல் புற்றுநோயும் (தோலில் உள்ள ஒருவகை நோய் எதிர்ப்புச் செல்லில் தோன்றுவது) சில சமயம் இதே மாதிரி மெத்தென்று, நழுவிக்கொண்டுதான் இருக்கும். அனுபவமுள்ள மருத்துவரின் விரலும் இதில் ஏமாறும். ஊசிப் பரிசோதனை கேளுங்கள். சாதாரண 22 அல்லது 23 கேஜ் ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, வருகிற செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டாம், சில நிமிட வேலை. தகட்டில் எண்ணெய் தடவியது போல் வந்தால் அநேகமாகக் கொழுப்புதான். அக்குளில் வளர்ந்து நடையைத் தடுத்தாலொழிய அறுக்க வேண்டியதில்லை. கட்டி கெட்டியாக இருந்தால் ஊசியில் போதிய செல் வராது, அப்போது சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பார்கள்.

“எப்படியும் அறுக்கப்போகிறோம், ஊசி எதற்கு?” என்று நினைக்காதீர்கள். மாஸ்ட் செல் கட்டியென்றால் சுற்றிலும் அடியிலும் நல்ல சதையையும் சேர்த்து அகலமாக எடுக்க வேண்டும். கொழுப்புக் கட்டி என்று நினைத்து ஒட்ட எடுத்தால் செல்கள் தங்கி, மறுபடி அறுவை.

மாஸ்ட் செல் கட்டி ஒரு நாள் வீங்கும், மறுநாள் வற்றும்; உள்ளே இருக்கும் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமையைத் தூண்டும் வேதிப்பொருள் செய்யும் வேலை அது. பற்றுப் போட்டதில் கரைந்தது என்று நம்பி நாளைக் கடத்துபவர்கள் நிறைய. அமுக்கிப் பிதுக்கவே கூடாது. ஹிஸ்டமின் வெளியேறிச் சுற்றிலும் சிவக்கும், வாந்திகூட வரலாம். ஊசிப் பரிசோதனைக்கு முன் ஸ்டீராய்டு மாத்திரையும் வேண்டாம், கட்டி தற்காலிகமாகச் சுருங்கி முடிவைக் குழப்பும்.

பட்டாணியைவிடப் பெரிதாகவோ (1 செ.மீ.) ஒரு மாதமாக அப்படியேவோ இருந்தால் ஊசிப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டியதுதான். வாராவாரம் பெரிதானால், புண்ணானால், ரத்தம் கசிந்தால் ஓரிரு நாளில் போங்கள். நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உங்களுக்குப் பக்கம்தான்.

கேள்வி: நாட்டு நாய், பெட்டை, 8 வயது, கருத்தடை செய்யவில்லை. பின்காம்பு அருகே மிளகளவு இரண்டு முடிச்சு. உண்ணியா? – வாசகர், மதுரை

பதில்: முடியை விலக்கிப் பாருங்கள். உண்ணி தோலின் மேல் ஒட்டியிருக்கும், கால்கள் தெரியும். தோலுக்கடியில் உருண்டால் உண்ணியல்ல. கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு மடிக்கட்டி சகஜம், அதில் ஏறக்குறைய பாதி புற்றுநோய். மல்லாக்கப் படுக்கவைத்து அக்குள் முதல் தொடையிடுக்கு வரை காம்பு காம்பாகத் தடவுங்கள். கடைசி இரண்டு ஜோடிகளில்தான் அதிகம் வரும். மிளகளவில் எடுத்தால் பிழைக்கிற வாய்ப்பு நன்றாக இருக்கும். நுரையீரலுக்குப் பரவக்கூடியது என்பதால் அறுவைக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்குத் தாடைக்கடியில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. சளியா? – வாசகர், சேலம்

பதில்: முன்தோளிலும் பின்முழங்காலுக்குப் பின்னாலும் அதே போல் இருக்கிறதா என்று தடவுங்கள். இருந்தால் உண்ணிக் காய்ச்சலாகவோ நிணநீர்ப் புற்றுநோயாகவோ இருக்கலாம். இந்த வாரமே ரத்தப் பரிசோதனையும், நெறியில் ஊசிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.