பழைய டைனாக்கோ ஆம்ப்: அசலா, மாற்றியதா?

கேள்வி: டைனாக்கோ எஸ்டி-70 டியூப் ஆம்ப் (பாட்டொலியைப் பெருக்கும் பழைய வால்வுக் கருவி) வாங்க ரொம்ப நாள் ஆசை. கோலாலம்பூரில் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் யாரும் கை வைக்கவே இல்லையாம். இன்னொன்றில் டிரைவர் போர்டும் (பெரிய டியூபுகளுக்கு ஒலியைத் தயார்செய்யும் பலகை) கெப்பாசிட்டர்களும் புதிது, விலையும் ஆயிரம் வெள்ளி குறைவு. எதை எடுக்கலாம்? - செந்தூல் வாசகர்

பதில்: மூன்று டிரான்ஸ்ஃபார்மரும் அசலாக இருந்தால் மாற்றியதையே எடுங்கள். இந்த ஆம்பில் நாம் காசு கொடுப்பது அந்த இரும்புக்குத்தான், மற்றதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடியது. 1959-ல் டேவிட் ஹாஃப்லரின் கம்பெனி இதைக் கொண்டுவந்தபோது கிட்டாகவும் விற்றார்கள், வாங்கியவரே வீட்டில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக்கொள்வார். ஆகவே "கை வைக்காத" ஆம்ப் என்பதும் யாரோ ஒரு ரசிகரின் கைவேலையாக இருக்கலாம்.

அறுபது வருடப் பழசில் எனக்குப் பெரிய பயம் பயாஸ் பகுதியில், அதாவது டியூபில் ஓடும் மின்சாரத்தை அடக்கி வைக்கும் இடத்தில் இருக்கும் செலினியம் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் பாகம்). அது வலுவிழந்தால் ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்34 டியூபுகளுக்குக் கடிவாளம் போய்விடும், உள்ளே தகடு சிவக்கும், கவனிக்காமல் விட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் அசல் டிரைவர் போர்டில் வரும் 7199 டியூப், நல்லதாகக் கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை கடிக்கும். 12ஏடி7 டியூப் மூன்று போடுகிற விடிஏ என்ற மாற்று டிரைவர் போர்டு மாதிரியானவை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அசலில் ஒரு பக்கத்து இரண்டு இஎல்34-க்கும் சேர்த்து ஒரே பயாஸ் திருகுதான், விடிஏவில் ஒவ்வொரு டியூபுக்கும் தனித்தனி. சத்தம் மாறுமா? மாறும். பழையதில் பேஸ் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், புதிய போர்டில் இறுகும். பழைய இளையராஜா ரெக்கார்டுகளுக்கு எனக்குப் பழையதே பிடிக்கும், அது என் காது.

ஆனால் மாற்றியது எல்லாமே நல்லதில்லை. ஜிஇசட்34 ரெக்டிஃபையர் டியூபுக்கு அடுத்து வரும் முதல் கெப்பாசிட்டர் 60 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் போகக்கூடாது. "பெரிசா போட்டா பவர் ஏறும்" என்று நூறு, இருநூறு போட்டிருந்தால் அந்த டியூப் பொறி பறந்து சாகும். என்ன போட்டார்கள் என்று விற்பவர் எழுதித் தரட்டும், கழற்றிய பழைய போர்டையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

நம் ஊர் சிக்கல் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் விற்றது அங்குள்ள 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. ஸ்டெப்-டவுன் பெட்டி நம் 240 வோல்ட்டைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை மாற்றாது. ஏற்கெனவே சூடாக ஓடும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் இன்னும் சூடேறும். அதனால் ஒரு மணி நேரம் பாட்டுப் போடச் சொல்லிவிட்டு, தார் வழிந்திருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தில் உள்ள இரண்டு எட்டு-முள் சாக்கெட்டுகளில் பயாஸ் அளக்கலாம், அசல் ஆம்பில் 1.56 வோல்ட் வர வேண்டும். அளவு தெரியாவிட்டால் ஜாலான் பாசார் பக்கம் விவரம் தெரிந்த ரிப்பேர்காரர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், அடித்தட்டை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கும்.

கடையில் வாங்கினால் ரசீதில் "அசல் டிரான்ஸ்ஃபார்மர்" என்று எழுதச் சொல்லுங்கள். பொய்யாகப் போனால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், 50,000 வெள்ளி வரை அங்கே கேட்பார்கள். வீட்டில் இருந்ததை விற்கும் தனியாளிடம் இந்த வழி எடுபடாது, அங்கே பேரம்தான், ஸ்டெப்-டவுன் பெட்டியையும் சேர்த்துக் கேளுங்கள்.