ஆகாயக் கப்பலில் மாம்பழ மணம்: வாசகர் கேள்வி – பதில்

கனடிய எழுத்தாளர் கென்னத் ஓப்பலின் ‘ஏர்போர்ன்’ (2004), ‘ஸ்கைபிரேக்கர்’ (2005), ‘ஸ்டார்க்ளைம்பர்’ (2008) ஆகிய மூன்று ஆங்கில நாவல்களைப் பற்றி வாசகர்கள் எழுதியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். விமானங்களுக்குப் பதிலாக ஆகாயக் கப்பல்கள் கடல் தாண்டிப் பறக்கும் ஓர் உலகத்தில், அப்படியொரு கப்பலிலேயே பிறந்து ‘அரோரா’ என்ற பயணிகள் கப்பலில் பணியாளாக இருக்கும் மாட் குரூஸ் என்ற இளைஞனும், அறிவியல் ஆராய்ச்சியே வாழ்க்கை என்று இருக்கும் செல்வர் வீட்டுப் பெண் கேட் டி வ்ரீஸும் இக்கதைகளின் நாயகர்கள்.

கேள்வி: இந்த உலகத்துக் கப்பல்களில் ‘ஹைட்ரியம்’ என்ற வாயு நிரப்பப்படுகிறது. அது ஹைட்ரஜனைவிட லேசானது என்றும் மாம்பழம்போல் மணக்கும் என்றும் ஆசிரியர் கற்பனை செய்திருக்கிறார். அத்தகைய வாயு கிடைத்தால் கப்பல் எவ்வளவு கூடுதலாகத் தூக்கும்? மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. – அறிவியல் ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: கப்பலை மேலே தூக்குவது உள்ளே இருக்கும் வாயு அன்று, அது இடம்பெயர்க்கும் வெளிக்காற்றின் எடையே என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள். கடல் மட்டத்தில், 0 டிகிரி வெப்பநிலையில், ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.29 கிலோ, ஹைட்ரஜன் 0.09 கிலோ, ஹீலியம் 0.18 கிலோ. ஆகவே ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் 1.20 கிலோவையும், ஹீலியம் 1.11 கிலோவையும் தூக்கும். எடையே இல்லாத ஒரு வாயுவைக் கற்பனை செய்தாலும் அது 1.29 கிலோவுக்கு மேல் தூக்க முடியாது. அதாவது ஹைட்ரஜனைவிட ஏழரை விழுக்காடுதான் மிகுதி. கேட்பதற்கு இது சிறிதாகத் தோன்றும். ஆனால் 2,00,000 கன மீட்டர் வாயு கொண்ட, 1930களின் ஜெர்மானிய ஆகாயக் கப்பலான ‘ஹிண்டன்பர்க்’ போன்ற ஒரு கப்பலுக்கு அந்த வேறுபாடு 18 டன். தூக்கும் ஆற்றலில் பெரும்பகுதி கப்பலின் சொந்தச் சட்டகத்தையும் இயந்திரங்களையும் சுமப்பதிலேயே தீர்ந்துவிடுவதால், மிஞ்சும் ஒவ்வொரு டன்னும் பயணிகளுக்கும் எரிபொருளுக்கும் உரியதாகிறது.

மாம்பழ மணத்தை நான் வெறும் அலங்காரமாகப் பார்க்கவில்லை. ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் மணம் கிடையாது. நம் வீட்டுச் சமையல் எரிவாயுவுக்கும் இயல்பில் மணமில்லாததால்தான், கசிவை மூக்கு கண்டுபிடிக்கட்டும் என்று நாற்றமுள்ள மெர்காப்டனைச் சிறிதளவு அதில் கலக்கிறார்கள். ஓப்பல் அதே தேவையை ஓர் இனிய மணத்தால் நிறைவேற்றிவிட்டார். கப்பலில் மாம்பழ மணம் எழும்போது வாயுப்பை கிழிந்துவிட்டது என்று மாட் உணரும் அக்கணத்தில், ஒரு வரி விளக்கமும் இல்லாமல் வாசகரும் பதறுகிறார். முழுத் தொடரிலும் நான் மிகவும் மதிக்கும் கற்பனை இதுவே.

கேள்வி: ‘ஸ்டீம்பங்க்’ என்ற வகையில் இதைச் சேர்க்கிறார்களே, நீராவி எங்கே இருக்கிறது? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: அப்பெயர் 1987ஆம் ஆண்டில்தான் உருவானது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழில்நுட்பம் வேறு திசையில் வளர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் புனைவுகளை அது குறிக்கிறது, நீராவி கட்டாயமன்று. ஆயினும் உலகின் முதல் இயந்திர ஆகாயக் கப்பல் நீராவியால் இயங்கியதே. பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி ஜிஃபார் 1852 செப்டம்பர் 24 அன்று, 3 குதிரைத்திறன் கொண்ட நீராவி எஞ்சினுடன், எளிதில் தீப்பற்றும் வாயு நிரம்பிய பையின் கீழே நெருப்பை வைத்துக்கொண்டு, பாரிஸிலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டர் பறந்தார். எதிர்க்காற்றை வென்று திரும்பி வர அந்த எஞ்சினுக்கு வலு போதவில்லை.

கேள்வி: இரண்டாம் நூலில் 20,000 அடி உயரத்தில் மாலுமிகள் மயங்கி விழுகிறார்கள். இது மிகைப்படுத்தல் அல்லவா? முதல் நூலைவிட இதுவே எனக்குப் பிடித்தது. – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மிகையே இல்லை. ஏறத்தாழ 18,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதியாகிவிடுகிறது. முதல் உலகப்போரில், 1917ஆம் ஆண்டு முதல், பிரிட்டிஷ் விமானங்களுக்கும் பீரங்கிகளுக்கும் எட்டாத உயரத்தில் செல்வதற்காக ஜெர்மானியர்கள் எடை குறைந்த ‘செப்பலின்’ ஆகாயக் கப்பல்களைக் கட்டினார்கள். அவை 20,000 அடிக்கும் மேலே ஏறின. அவற்றில் சென்றவர்கள் தலைவலி, வாந்தி, மயக்கம், உறையவைக்கும் குளிர் என எல்லாவற்றையும் அனுபவித்தார்கள். கப்பலுக்கும் உயரம் எளிதன்று: மேலே செல்லச் செல்ல வாயு விரிகிறது, பைகள் முழுதும் நிரம்பியபின் வாயுவை வெளியேற்றியாக வேண்டும், கீழே இறங்கும்போது அந்த இழப்பைக் கப்பல் உணரும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் காணாமல்போன ‘ஹைப்பீரியன்’ என்ற கப்பல் அந்த உயரத்தில் பிணங்களோடு மிதந்துகொண்டிருப்பதாக அமைத்ததில் ஆசிரியரின் திறமை தெரிகிறது. எனினும் மாட், கேட், அவர்களோடு அக்கப்பலைத் தேடிச் செல்லும் நாதிரா, ஹால் ஸ்லேட்டர் என்ற நால்வரிடையே வளரும் பொறாமைக்கு அந்நூலில் அளவுக்கு மீறிய பக்கங்கள் செலவாகின்றன என்பது என் எண்ணம். உங்கள் தேர்வை மறுக்கிறேன். முதல் நூலே மேலானது.

கேள்வி: முதல் நூலின் கொள்ளையர் தலைவனுக்கு விக்ரம் என்று நம் நாட்டுப் பெயரை வைத்தது வருத்தமளிக்கிறது. – வாசகர், மதுரை

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவனது முழுப்பெயர் விக்ரம் ஷ்பிர்க்லாஸ். பின்பாதி கிழக்கு ஐரோப்பியப் பெயர். நாடுகளின் எல்லைகள் கலந்துபோன ஓர் உலகத்தைக் காட்டும் முயற்சியாகவே அதை எடுத்துக்கொள்கிறேன். இரக்கமின்றிக் கொல்லும் அவனே தன் சிறு மகனிடம் உருகும் தகப்பனாகவும் இருக்கிறான்; வில்லனுக்கு இவ்வளவு இடம் தரும் சிறுவர் நூல்கள் குறைவு.

கேள்வி: மூன்றாம் நூல் ஏமாற்றிவிட்டது. ஆகாயக் கப்பலை விட்டுவிட்டு விண்வெளிக்குப் போனது ஏன்? – ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி

பதில்: எண்ணம் புதிதன்று. ஈஃபில் கோபுரத்தைக் கண்டு வியந்த ரஷ்ய அறிஞர் சியால்கோவ்ஸ்கி, விண்வரை எட்டும் கோபுரம் ஒன்றை 1895ஆம் ஆண்டிலேயே எண்ணிப் பார்த்தார். ஓப்பலின் நாவலிலும் பாரிஸில் அப்படியொரு கோபுரம் எழுகிறது. கனடியர்களோ கம்பி வடத்தைப் பற்றி ஏறும் கலத்தைக் கட்டுகிறார்கள். அறிவியல் வரலாற்றை அறிந்தவர் இதை ரசிக்கலாம்.

ஆனாலும் ஏமாற்றம் எனக்கும் உண்டு, காரணத்தையும் சொல்கிறேன். முதல் நூலின் உயிர் வேலையில் இருக்கிறது. பாய் தைப்போராக, அதாவது கப்பலின் வாயுப்பைகளைப் பழுதுபார்ப்பவராக இருந்து, கப்பலிலிருந்து விழுந்து இறந்த தந்தையின் இடத்துக்கு ஏங்கும் மாட், தனக்கு வரவேண்டிய அந்தப் பதவி கப்பல் முதலாளியின் மகனுக்குத் தரப்படுவதைப் பார்த்து நிற்கிறான். வாயுப்பையை ஒட்டுவதும், பயணிகளுக்குப் பரிமாறுவதும், இரவுக் காவலும், தரையில் கால் வைத்தாலே வரும் தவிப்பும் சேர்ந்துதான் அவனை நமக்கு நெருக்கமாக்குகின்றன. ரயிலோடு ஒரு வாழ்நாளைக் கழித்த உங்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. மூன்றாம் நூலில் அவன் தேர்வு பெற்ற விண்வெளி வீரனாகிவிடுகிறான். கைத்தொழில் தெரிந்த தொழிலாளி மங்கிப்போகிறான்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகளுக்குத் தரலாமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகத் தரலாம், முதல் நூலைத் தாருங்கள். கொள்ளையர்கள் கம்பியில்லாத் தந்தி அலுவலரைச் சுட்டுக் கொல்லும் பக்கம் சிறு பிள்ளைகளைக் கலங்கச் செய்யும். அங்கே நீங்களும் உடனிருந்து படியுங்கள். காவலுக்கு வந்த சிம்ப்கின்ஸ் அம்மையாரின் கண்ணுக்குத் தப்பி, தாத்தாவின் நாட்குறிப்பில் எழுதியிருந்த பறக்கும் விலங்கைத் தேடிக் கேட் தீவுக்காட்டுக்குள் நுழையும் பகுதியை உங்கள் மகள் நிச்சயம் இரண்டாம் முறையும் படிப்பாள்.