ஆளுக்கு ரூ.212.40: யார் கணக்கில்?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். சிறுதானியம் அரைக்கும் கை இயந்திரம் செய்வதற்காக க்ரவுட்ஃபண்டிங் (பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டும்) தளம் ஒன்றின் மூலம் 312 பேரிடம் தலா ரூ.1,800 வாங்கினேன். பாகங்களுக்கான டை (அச்சு) செய்து தருவதாக முன்பணம் வாங்கிய பட்டறைக்காரர் கைவிரித்துவிட்டார். பணத்தைத் திருப்பித் தரப்போகிறேன். தளம் 8 சதவீதம், ஆன்லைனில் பணம் வாங்கிக் கொடுக்கும் பேமென்ட் கேட்வே 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று ஆளுக்கு ரூ.212.40 பிடித்துவிட்டார்கள். என் கைக்கே வராத பணத்தைக் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: பட்டறைக்காரர் மேல் உங்களுக்குள்ள கோபம் நியாயம்தான். ஆனால் அது தனி வழக்கு. இங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பணம் வாங்கிய அன்று தளத்தில் உங்கள் திட்டப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது? ‘ரூ.1,800 கட்டினால் ஓர் இயந்திரம்’ என்றிருந்தால் அது நன்கொடை இல்லை, பொருளுக்கான விலை. திருப்பித் தரும்போது கட்டணம் கழிக்கப்படும் என்ற வரி அங்கே இல்லையென்றால் கழிக்காதீர்கள். கமிஷன் உங்களுக்கும் தளத்துக்கும் இடையிலான பேச்சு. ‘எனக்கு வந்தது ரூ.1,587.60தானே’ என்று வாதாடலாம். தளம் உங்களுக்காகத்தானே வசூலித்தது என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும்.

கழித்தால் மொத்தம் ரூ.66,268.80 மிச்சம். அதற்கு என்ன விலை என்று பாருங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கட்டியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது. நாகர்கோவிலில் ஒருவர், ஓசூரில் ஒருவர் போட்டால் ரூ.212-க்காக நீங்கள் பஸ் ஏற வேண்டும். மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் தனியாகக் கேட்பார்கள். சத்தம் போட்டவருக்கு மட்டும் முழுசாகக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கழிப்பது இதைவிட மோசம். அந்த ஸ்க்ரீன்ஷாட் அன்று மாலையே எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் இருக்கும்.

இன்னொரு பள்ளம், பலர் விழுவது. என்னிடம் வந்த ஒரு பெண் கட்சிக்காரர், கேட்டவர்களுக்கெல்லாம் அவசரமாக ஜிபேயில் அனுப்பிவிட்டார். அதில் ஒருவர் கிரெடிட் கார்டில் கட்டியவர்; ஏற்கெனவே வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டிருந்தார். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அதே ரூ.2,500 இரண்டு தடவை போயிருந்ததைக் காட்டி அந்தப் பெண் அழுதது இன்னும் என் மனதில் இருக்கிறது. அதனால் பணம் வந்த வழியிலேயே, கேட்வே மூலமாகவே திருப்புங்கள். நாள் தாண்டிவிட்டதால் கேட்வே மறுத்தால், சார்ஜ்பேக் எதுவும் நிலுவையில் இல்லை என்று அவர்களிடம் உறுதிசெய்துகொண்டு, ‘முழுத் தொகையும் வந்தது, இனி கோரிக்கை இல்லை’ என்று ஒவ்வொருவரிடமும் ஒரு வரி மெயில் வாங்குங்கள்.

அதற்கு முன், கமிஷனை விட்டுக்கொடுக்கச் சொல்லித் தளத்துக்கு எழுத்தில் கேளுங்கள். சில தளங்கள் பாதியாவது விடும். மீதியைப் பட்டறைக்காரருக்கு அனுப்பும் நோட்டீஸில் முன்பணத்தோடு நஷ்டமாகச் சேர்த்துக் கேளுங்கள். ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அந்தப் பணம் வரட்டும் என்று 312 பேரைக் காக்க வைக்காதீர்கள்.