மாநகராட்சியும் இல்லாத, மேயரும் இல்லாத ஊர்: டெர்லிங்குவா

"அமெரிக்காவில் 'அன்இன்கார்ப்பரேட்டட்' ஊர் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊருக்குப் பெயர் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள். ஆனால் தனக்கென்று நகராட்சியோ மேயரோ இருக்காது. சாலை, காவல் எல்லாம் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) பொறுப்பு. டெக்சஸின் டெர்லிங்குவா இதற்கு நல்ல உதாரணம். ரியோ கிராண்டே ஆறு, அதாவது மெக்சிகோ எல்லை, பக்கத்திலேயே ஓடுகிறது. சுற்றிலும் சிவாவா பாலைவனம். கவுன்ட்டி தலைநகரான ஆல்பைனுக்குப் போக 130 கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டும்.

இந்த வறண்ட இடத்தில் ஊர் முளைத்ததற்குக் காரணம் பாதரசம். நம் சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்கிறோமே, அந்தச் சிவப்புத் தாதுதான் இங்கே மண்ணுக்கடியில் கிடந்தது. அதைச் சூளையில் சுட்டு, எழும் ஆவியைக் குளிரவைத்தால் பாதரசம் சொட்டும். இரும்புக் குடுவையில் அடைத்து விற்பார்கள். அளவு இரண்டரை லிட்டர்தான், எடையோ 34 கிலோவுக்கு மேல்! 1903-இல் தொடங்கிய சிசோஸ் சுரங்க நிறுவனம்தான் இங்கே பெரிய கை. முதல் உலகப்போரில் வெடிகளைத் தூண்டி வெடிக்க வைக்கும் டெட்டனேட்டர் செய்யப் பாதரசம் தேவைப்பட்டதால் நல்ல விலை கிடைத்தது. சுரங்கத்தில் இறங்கியவர்கள் பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். பாதரச ஆவியைச் சுவாசித்து உழைத்த அவர்களை மறந்துவிட்டு இந்த ஊரின் கதையைச் சொல்லக்கூடாது.

1942-இல் நிறுவனம் திவாலானது, அப்புறம் ஊரும் காலியானது. கூரை போன, சுடாத மண்கல் சுவர்களும், கற்குவியல்மேல் மரச்சிலுவை நட்ட கல்லறைகளும் மிஞ்சின. 1967-இல் இங்கே நடந்த 'சில்லி' (மிளகாய் போட்ட இறைச்சிக் குழம்பு) சமையல் போட்டிதான் மறுபடி ஆட்களை இழுத்து வந்தது. பக்கத்திலுள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு வருபவர்களை நம்பித்தான் இன்றைய பிழைப்பு.