பன்னிரண்டு வயதில் அடிக்கப்படும் கோடுகள்

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. இந்த ஆண்டு முதல் வாரத்துக்கு ஒரு பாடவேளையைத் தொழில் வழிகாட்டலுக்கென ஒதுக்கி, அந்தப் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். முதல் வகுப்பில், “பெரியவர்களானதும் என்னவாகப் போகிறீர்கள்?” என்று எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் மருத்துவர், பொறியாளர், விளையாட்டு வீரர் என்றே எழுதினார்கள். ஒரு மாணவன் மட்டும் வெறும் தாளை நீட்டினான். தலைமையாசிரியரோ, எல்லாருக்கும் ஓர் ஆர்வத் தேர்வு வைத்து, எந்தப் பிள்ளை எந்தத் துறைக்கு ஏற்றவர் என்று பெற்றோருக்கு அறிக்கை கொடுத்துவிடலாம் என்கிறார். இந்த வயதில் இது தேவைதானா? தேவை என்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் தொழிலைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது தேவையில்லை. ஆனால் அந்த வயதில் தொழில்களைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. நாம் பேசினாலும் பேசாவிட்டாலும் பிள்ளைகள் முடிவெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தாங்கள் என்னவாகப் போகிறோம் என்பதை அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. என்னவாக முடியாது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்துவிட்டார்கள்.

லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1981இல் வெளியிட்ட கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. பிள்ளைகள் தொழில்களைத் தேடிச் சேர்ப்பதில்லை, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறார்கள் என்பது அவருடைய கருத்து. ஆறு வயது முதல் எட்டு வயதுக்குள் ‘இது ஆண்களின் வேலை, இது பெண்களின் வேலை’ என்று பிரித்து ஒரு பங்கைக் கழித்துவிடுகிறார்கள். ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குள் எந்த வேலைக்கு மதிப்பு அதிகம், எது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாதது என்று பார்த்து இன்னொரு பங்கைக் கழிக்கிறார்கள். தன் திறமை என்ன, தனக்கு எது பிடிக்கும் என்ற எண்ணமெல்லாம் பதினான்கு வயதுக்குப் பிறகுதான் வருகிறது. அதற்குள் பட்டியலில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். ஒருமுறை கோடு போட்டு அடித்த தொழிலை, யாராவது தூண்டினால் ஒழிய, பிள்ளைகள் தாமாகத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். அந்தத் தூண்டுதலுக்குத்தான் உங்களுக்கு வாரத்துக்கு ஒரு பாடவேளை கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடுகள் எவ்வளவு சீக்கிரம் விழுகின்றன என்பதற்கு ஒரு சான்று உண்டு. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான 4,807 பிள்ளைகளிடம் ஓர் அறிவியலாளரை வரையச் சொல்லி, அதன் முடிவுகளை 1983இல் வெளியிட்டார். பெண் அறிவியலாளர் இடம்பெற்ற படங்கள் 28 மட்டுமே. அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். ஒரு சிறுவனுக்குக்கூட அப்படி வரையத் தோன்றவில்லை. அதற்குப் பின் வந்த பதிற்றாண்டுகளில் பெண் உருவங்கள் கணிசமாகக் கூடியிருக்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. பிள்ளைகள் கண்ணால் கண்டது மாறினால் அவர்கள் வரையும் படமும் மாறுகிறது. ஆகவே, விழுந்த கோட்டை அழிக்கவும் முடியும்.

உங்கள் வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த அந்த மூன்று பதில்களைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். 2018ஆம் ஆண்டில், பல நாட்டு மாணவர்களின் கற்றலை மதிப்பிடும் பீசா என்ற பன்னாட்டுத் தேர்வில், பதினைந்து வயதினரிடம், முப்பதாவது வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. 41 நாடுகளின் விடைகளை, அந்தத் தேர்வை நடத்தும் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு தொகுத்தபோது, ஆண் பிள்ளைகளில் 47 விழுக்காட்டினரும் பெண் பிள்ளைகளில் 53 விழுக்காட்டினரும் வெறும் பத்துத் தொழில்களுக்குள் அடங்கிவிட்டார்கள். பல நாடுகளிலும் இதே நிலைதான். அந்தத் தாள்களைப் பிள்ளைகளின் கனவு என்று படிக்காதீர்கள். எல்லாவற்றையும் அடித்த பிறகு மிஞ்சியது எது என்று படியுங்கள்.

இனி ஆர்வத் தேர்வுக்கு வருகிறேன். தலைமையாசிரியரின் நோக்கத்தில் குறை காண முடியாது. பெற்றோர் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். ஆனாலும் ஏழாம் வகுப்பில் அந்த அறிக்கை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். இத்தகைய தேர்வுகளில் பல, ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த, ஆளுமைகளை ஆறு வகையாகப் பிரிக்கும் கோட்பாட்டை அடியொற்றியவை. “ஒரு மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்ப்பது உங்களுக்குப் பிடிக்குமா?” என்பது போன்ற கேள்விகள் வரிசையாக வரும். திருப்புளியைக் கையில் பிடித்தே அறியாத சிறுமி ‘பிடிக்காது’ என்று குறித்துவிடுவாள். அவள் ஏழு வயதில் அடித்த கோட்டைத் தேர்வு அப்படியே வாங்கி, ‘இயந்திரத் துறையில் நாட்டம் குறைவு’ என்று அச்சிட்டுத் திருப்பித் தரும். அறிக்கையில் ஏறிவிட்டால் அதை அவளும் நம்புவாள், வீட்டாரும் நம்புவார்கள். மேலும், பிள்ளைகளின் நாட்டம் உறுதியாக நிலைபெறுவது பெரும்பாலும் கல்லூரி வயதில்தான் என்று நெடுங்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேர்வை வைத்தே ஆக வேண்டும் என்றால், அதன் கேள்விகளைப் பேச்சைத் தொடங்குவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். மதிப்பெண்ணோ துறைப் பெயரோ வீட்டுக்குப் போக வேண்டாம்.

தொழில் வழிகாட்டலின் முன்னோடி என்று போற்றப்படும் ஃபிராங்க் பார்சன்ஸ், 1908இல் பாஸ்டன் நகரில் அதற்கென ஓர் அலுவலகத்தைத் தொடங்கியபோது மூன்று படிகளைச் சொன்னார். தன்னை அறிவது, வேலைகளை அறிவது, பிறகு இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவுக்கு வருவது. நடுநிலை வகுப்புகளுக்கு முதல் இரண்டு படிகளே போதும், அவற்றிலும் இரண்டாவது படிக்கே அதிக நேரம் கொடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். முப்பது தொழில்களின் பெயர்களை அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து, தனக்கு வேண்டாதவற்றை அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் காரணத்தை ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம், வரிசை எண் மட்டும் போதும். எந்தத் தொழிலை அடித்தார்கள் என்று பார்க்காமல் காரணங்களை மட்டும் படித்துப் பிரித்து வையுங்கள். ‘எனக்குப் பிடிக்காது’ என்று வருபவை, ‘பசங்க வேலை’, ‘பொம்பளைங்க வேலை’ என்று வருபவை, ‘கேவலம்’ என்று வருபவை, ‘நமக்கெல்லாம் கிடைக்காது’ என்று வருபவை, ‘அப்படின்னா என்னன்னே தெரியாது’ என்று வருபவை என்று காரணங்கள் கட்டுக்கட்டாகப் பிரியும். நான் இதைச் செய்த வகுப்புகளில் எல்லாம் முதல் கட்டு மெலிந்தும் மற்றவை தடித்தும் இருந்தன. உங்கள் ஆண்டுப் பாடத்திட்டம் அந்தத் தடித்த கட்டுகளிலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்து, வேலை செய்பவர்களை வகுப்புக்கு அழையுங்கள். வருபவரிடம், “உரை வேண்டாம், நேற்றுக் காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள், தினமும் கையில் எடுக்கும் ஒரு பொருளைக் கொண்டு வாருங்கள்” என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவர் நான் நடத்திய வகுப்புக்கு வந்தார். தேய்ந்துபோன எஃகு வடத்தின் ஒரு சாண் துண்டையும் தடிமனை நுட்பமாக அளக்கும் ஒரு வெர்னியர் காலிப்பரையும் மேசைமேல் வைத்தார். வடத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது, எத்தனை இழைகள் அறுந்திருக்கின்றன என்று பார்த்து, எப்போது மாற்ற வேண்டும் என்று எப்படித் தீர்மானிப்பார் என்று விளக்கினார். உள்ளே இறங்குவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, “சாவியை உதவியாளரிடம் கொடுக்கலாமே?” என்று கேட்டாள். “உள்ளே இருப்பது என் உயிர் அம்மா, சாவியும் என்னிடம்தான் இருக்க வேண்டும்” என்றார் அவர். பாடவேளை முடிந்த பிறகு அந்தச் சிறுமி தனியாக நின்று அந்த வடத்தை மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் அளவு கொஞ்சம் மாறி வந்தது ஏன் என்று அவரிடமே கேட்டாள். தான் லிஃப்ட் வேலைக்குப் போவேன் என்று அவள் சொல்லவில்லை. அவள் தாளில், கருவி எடுத்துச் செய்யும் வேலைகள் அத்தனைக்கும் முன்பே கோடு விழுந்திருந்தது. அன்றைக்கு அவற்றில் ஒன்று தளர்ந்தது. எனக்கு அது போதும்.

இந்த இடத்தில் கடுமையாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. “படிக்காவிட்டால் மூட்டை தூக்கத்தான் போவாய்” என்று ஆசிரியர்கள் சொல்வதை எல்லாரும் கேட்டிருக்கிறோம். நானும் தொடக்க ஆண்டுகளில் அப்படிச் சொன்னவன்தான். ஒரு நாள் அதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, ஒரு சிறுவன் தலையைக் குனிந்து மேசையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். அவன் தந்தை மூட்டை தூக்குபவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு வாக்கியத்தால் அவன் வீட்டை அவன் முன்னாலேயே கேவலப்படுத்தியிருந்தேன். அதோடு, வேலைகளில் சில தண்டனைக்கென்றே இருக்கின்றன என்று மற்ற எல்லாருக்கும் கற்பித்திருந்தேன். உங்கள் பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் இந்த வாக்கியத்தைக் கைவிட ஒப்புக்கொண்டால், அதுவே இந்த ஆண்டின் பெரிய சாதனை என்பேன்.

பெற்றோர் கூட்டத்தில், பிள்ளை என்னவாகும் என்ற பேச்சே எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் திரும்பப் பெறக் கடினமான முடிவு தொழில் முடிவு அன்று, பாட முடிவு. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை கைவிட்டால், அவள் பெயரையே கேள்விப்பட்டிராத பல வேலைகளின் கதவுகளும் அதோடு சாத்திக்கொள்கின்றன. மொழிப் பாடத்தை ஒதுக்கும் பிள்ளைக்கும் இதே கதிதான். இதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொன்னால் அறிக்கையைவிட அவர்களுக்குப் பயன்படும்.

தலைமையாசிரியரை இசைய வைக்க உங்களுக்கு உதாரணங்கள் தேவைப்படலாம். தேர்வுப் போட்டிக்குப் பெயர்போன தென்கொரியாவில், நடுநிலைப் பள்ளியில் ஒரு பருவம் முழுவதும் எழுத்துத் தேர்வுகளை நிறுத்திவிட்டுத் தொழில்களை அறிவதற்கும் பிற செயல்பாடுகளுக்கும் நேரம் ஒதுக்கும் திட்டத்தை 2013இல் சில பள்ளிகளில் சோதித்து, 2016இல் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார்கள். ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் 1998 முதல், நடுநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து நாள் வகுப்பறையை விட்டு வெளியேறி, கடைகளிலும் பண்ணைகளிலும் காப்பகங்களிலும் வேலையைப் பார்த்துப் பழகுகிறார்கள். இவற்றில் எதுவும் பிள்ளைக்குத் துறை குறித்துக் கொடுக்கும் ஏற்பாடு இல்லை. உங்கள் பள்ளியால் ஐந்து நாள் முடியாது என்றால் அரை நாள் கேளுங்கள்.

கடைசியாக, வெறும் தாளைக் கொடுத்த மாணவன். அவனைச் சோம்பேறி என்றோ இலட்சியம் இல்லாதவன் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத மனம் வராதவனாக இருக்கலாம். எழுதினால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று அஞ்சியவனாகவும் இருக்கலாம். எதிர்காலத்தைப் பற்றி அவனிடம் எதுவும் கேட்க வேண்டாம். போன விடுமுறை நாளில் யாரும் சொல்லாமல் அவனாக எதைச் செய்தான் என்று, வகுப்பில் இல்லாமல், நடைவழியில் போகிற போக்கில் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில் ஏதோ ஒரு வேலையின் நுனி தென்படும். உடனே அந்த வேலையின் பெயரைச் சொல்லி அவனை அதில் கட்டிப்போடாமல், அடுத்து அழைக்கும் விருந்தினர் யார் என்பதை மட்டும் அதை வைத்து நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

கோடு அடித்த தாள்களை ஓர் உறையில் போட்டு வையுங்கள். ஆண்டு முடிவில் அவரவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, எந்தக் கோட்டை எடுத்துவிடலாம் என்று வேறு நிற மையில் குறிக்கச் சொல்லுங்கள். அந்த மாணவனுக்கும் அவனுடைய வெறும் தாளைக் கொடுங்கள். எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, அதை அவனே வைத்துக்கொள்ளட்டும்.