பெயரை மறைத்துக் கடன் ஆலோசனை கேட்கலாமா?

கேள்வி: ஐயா, நான் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கிரெடிட் கார்டு பாக்கி 21,000 ரிங்கிட். 2019 தொடக்கத்துக்குப் பிறகு அதில் ஒரு காசும் கட்டவில்லை. தனிநபர் கடன் 34,000 ரிங்கிட், நான்கு மாதமாக நிலுவை. போதாததற்கு உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் ஓர் ஆலோங்கிடம் 3,000 ரிங்கிட் வாங்கிவிட்டேன். கணவருக்கு எதுவும் தெரியாது. முகநூல் குழு ஒன்றில் வேறு பெயரில் யோசனை கேட்கலாம் என்றிருக்கிறேன். வங்கி கண்டுபிடித்துவிடுமா? எழுதியது எனக்கு எதிராகத் திரும்புமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, வேறு பெயரில் யோசனை கேட்பது குற்றமல்ல. உங்கள் கடன் வங்கிக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே அந்தப் பயத்தை விடுங்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது அக்கம்பக்கத்தாரையும் மோசடிக்காரர்களையும் பற்றித்தான். எந்தத் தொழிற்சாலை, எந்த ஷிப்ட், எத்தனை பிள்ளைகள், எந்தத் தாமான் (குடியிருப்பு) என்று எழுதிவிட்டால் பெயரை மறைத்துப் பயனில்லை. தெரிந்தவர் கண்ணில் பட்டால் அரை மணியில் கண்டுபிடித்துவிடுவார். என்ன கடன், எவ்வளவு, கடைசியாகக் கட்டிய மாதம், நீதிமன்றக் கடிதம் வந்ததா, கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, இவை போதும். வங்கிக் கடிதத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள். "கடனை ஒன்றாக்கித் தருகிறேன்" என்று தனியாகச் செய்தி அனுப்புகிறவரிடம் அடையாள அட்டைப் படத்தையோ ஏடிஎம் அட்டையையோ கொடுக்கவே கூடாது. உங்கள் கணக்கு மோசடிப் பணம் போய்வர உதவினால், நீங்களும் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.

இன்னொன்று: வசூல் முகவரின் பெயரைப் போட்டுத் திட்டி எழுதாதீர்கள். புனைபெயரில் எழுதினாலும் அவதூறு அவதூறுதான். எழுதியவர் யார் என்ற விவரத்தைக் கேட்டு நீதிமன்ற ஆணை பெறவும் வழி உண்டு.

இனி உங்கள் கிரெடிட் கார்டு. இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் கடைசியாகக் கட்டியது 2019 தொடக்கம் என்றால், இடையில் வங்கி வழக்குப் போடாமல் இருந்தால், அந்தக் கெடு முடிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதில் ஒரு பகுதியைக் கட்டினாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கடன் கொடுத்தவருக்கோ அவருடைய முகவருக்கோ கொடுத்தாலோ, ஆறு ஆண்டுக் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். முன்பின் தெரியாதவர்களிடம் புனைபெயரில் புலம்புவது அப்படிப்பட்ட ஒப்புதல் ஆகாது. வசூல் முகவருக்கு வாட்ஸ்அப்பில் "கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறேன்" என்று உங்கள் பெயரோடு அனுப்புவதும், "நல்லெண்ணத்துக்கு 50 ரிங்கிட் போடுங்கள்" என்று அவர் கேட்டதும் போட்டுவிடுவதும்தான் ஆபத்து. ஒரு வழக்கறிஞரைப் பார்க்கும்வரை இரண்டையும் செய்யாதீர்கள்.

காலக்கெடு தானாக உங்களைக் காப்பாற்றாது. எதிர்வாதத்தில் அதை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காது. சம்மன் வந்தால் கணவர் கண்ணில் படக்கூடாதென்று அலமாரிக்குள் வைத்துவிடும் பெண்கள் பலர். அது உங்களிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட 14 நாளுக்குள் முன்னிலையாகாவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலே வங்கி தீர்ப்பு வாங்கிவிடலாம். தீர்ப்பு வந்துவிட்டால் அதை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. உங்கள் பழைய வீட்டு முகவரிக்கு ஏதும் வந்ததா என்று உடனே விசாரியுங்கள்.

திவால் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் தூக்கம் கெடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன். இப்போது திவால் நடவடிக்கைக்குக் கடன் குறைந்தது 100,000 ரிங்கிட் இருக்க வேண்டும். இரு வங்கிகளும் சேர்ந்து வந்தாலும் உங்கள் பாக்கி இன்று அந்த அளவை எட்டவில்லை. வட்டி ஏறுகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆலோங் விஷயம்: உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுபவர் அந்தக் கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. 1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டம் அப்படிச் சொல்கிறது. உரிமம் பெற்றவர்கூட அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. மிரட்டினால் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீஸ் புகார் செய்யுங்கள்.

தனிநபர் கடனுக்கு, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பிடம் போங்கள். கட்டணம் இல்லை, பினாங்கிலும் அலுவலகம் உண்டு. ஆனால் தவணையைச் சீரமைக்கும் திட்டத்தில் சேர உங்கள் உண்மைப் பெயரும் எல்லா விவரமும் வேண்டும், வங்கிக்கும் தெரியவரும். அங்கே எந்தக் கடனைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் முன் அந்தப் பழைய கார்டைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். வழக்கறிஞரிடம் நீங்கள் ஆலோசனைக்காகச் சொல்வதை, உங்கள் சம்மதமின்றி அவர் உங்கள் கணவர் உட்பட யாரிடமும் சொல்லக் கூடாது. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. பணம் இல்லையென்றால் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள்.

போகும்போது கார்டு பாக்கிக்குக் கடைசியாகக் கட்டிய ரசீதையோ அந்த மாத வங்கி அறிக்கையையோ தேடி எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் அந்தத் தேதியைத்தான் கேட்பார்கள்.